தட்டினால் சரியாகிவிடும்

பதுளைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கோயில் தலைவர் ஒருவர், மாதர் சங்கத் தலைவி ஒருவர், கம்ப்யூட்டர் அண்ணன் ஒருவர் இருப்பார்கள். முதல் இருவரையும் ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும். மூன்றாமவர் தானாகவே பதவியேற்றுக்கொள்வார். தகுதி: பண்டாரவளையில் பாதியில் விட்ட ஒரு கோர்ஸ், சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

ஐப்பசி இடி மழைதான் அவருக்கு சீசன். போன கரண்ட் திரும்பி வரும்போது தூக்கிப்போட்டு வந்தால், நாலைந்து வீட்டு ஹார்ட் டிரைவாவது படுத்துவிடும். மூத்தவளின் சடங்கு வீடியோ, தம்பியின் கல்யாண ஆல்பம், போன மாசிக் காமன் கூத்து எல்லாம் அதற்குள்தான். வேறு பிரதி கிடையாது.

“அண்ணே, டிக் டிக்ன்னு சத்தம் வருது.”

“சத்தம் வருதில்ல? அப்ப உசுரு இருக்கு!”

உண்மையில் அது கடைசி மூச்சு. தகவலைப் படிக்கும் ஹெட், தன் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தகட்டுக்கும் அதற்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசி நடுவில் புகுந்தால் தகட்டில் கீறல் விழும். அதனால்தான் தகவல் மீட்கும் ஆய்வுக்கூடங்களில் காற்றை வடிகட்டிய அறைக்குள் வைத்து டிரைவைத் திறக்கிறார்கள். அண்ணன் திறப்பது லயத்து வாசலில், விறகடுப்புப் புகை வருகிற பக்கமாக உட்கார்ந்து.

வைத்தியத்துக்கு வரிசை உண்டு. முதலில் உள்ளங்கையால் தட்டு. கேட்காவிட்டால் ஃபிரிஜ். குளிரில் சுருங்கி, சிக்கிய பாகம் விடுபடும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பிய வைத்தியம்தான் இது. வெளியே எடுத்ததும் தகட்டில் நீர் பூக்கும் என்பதை மட்டும் யாரும் அண்ணனிடம் சொல்லவில்லை. மூன்றாவது, அதே மொடல் டிரைவின் சர்க்கிட் போர்டைக் கழற்றி மாட்டுவது. புதிய டிரைவ்களில் ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த டிரைவுக்கே உரிய அளவுகள் பதிந்திருப்பதால், அது பெரும்பாலும் பலிப்பதில்லை.

கடைசி அஸ்திரம் ஃபார்மட். திரையில் விண்டோஸ், ‘ஃபார்மட் பண்ணவா?’ என்று கேட்கும். அண்ணனோ யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி சொல்லித்தான் பார்த்தாள்: “உடனே ஓஃப் பண்ணுங்கண்ணே. டிடிரெஸ்கியூன்னு ஒண்ணு இருக்கு, சும்மாவே கிடைக்கும். நல்ல இடத்தை எல்லாம் முதல்ல படிச்சு வேற டிரைவுக்குக் கொப்பி எடுத்துரும், கெட்ட இடத்துக்குப் பொறகுதான் வரும். அந்தக் கொப்பியில போட்டோரெக் ஓடவிட்டா படமெல்லாம் தேடி எடுக்கலாம். ஆனா சத்தம் வந்தா அதுவும் வேணாம், நேரா லேப்தான்.”

“அதெல்லாம் புஸ்தகத்துல, தங்கச்சி” என்றபடி அண்ணன் இன்னொரு தட்டு தட்டினார்.

லேப் நினைத்தால் என்ன முடியும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2003 பெப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் வானிலேயே சிதறியபோது, அதிலிருந்த ஹார்ட் டிரைவ் ஒன்று கருகி டெக்சாஸ் மண்ணில் விழுந்தது. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்ததை எடுத்து, அமெரிக்காவின் குரோல் ஆன்ட்ராக் நிறுவனம் ஏறக்குறைய 99 சதவீதத் தகவலை மீட்டது. அதில் பதிவாகியிருந்த, செனான் வாயு பற்றிய ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. தகட்டில் பள்ளம் விழுந்த இடங்களில் நல்லவேளையாகத் தகவல் எதுவும் இல்லை. அதைவிட நல்லவேளை, வழியில் அதை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

எப்போதாவது ஒரு வீட்டுக்காரர் துணிந்து, டிரைவைத் துணியில் சுற்றி, இரவு ரயிலில் கொழும்பு லேப்புக்குக் கொண்டுபோவார். பெரிய காசு செலவழித்து, சடங்கு வீடியோவோடு திரும்புவார். அன்று மாலையே அண்ணன் அந்த வீட்டுக்கு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து வீடியோ முழுவதையும் பார்ப்பார். பிளேன்டீ வந்ததும் சொல்வார்:

“நான் தட்டி லூசாக்கி வச்சதாலதான் அவங்களுக்கு லேசா வந்திருக்கு.”