பிக்ஃபுட்டுக்கு அரசு முத்திரை வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் ஏழெட்டு அடி உயரத்தில், உடம்பெல்லாம் ரோமமாக, இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கிற பிராணி ஒன்று இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியும். உங்கள் மைத்துனருக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வனத்துறைக்கும்தான் தெரியவில்லை. அவர்கள் வாயை அடைக்க ஒரே வழி, பிக்ஃபுட்டை நிரூபித்து அரசாங்க அங்கீகாரமும் வாங்கிவிடுவது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள். இவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதிப் பாதிக்குத்தான் நான்.

முதல் கட்டம்: நிரூபணம்

1. முடிவை முதலில் எழுதுங்கள். பிறகு காட்டுக்குப் போங்கள்.

ரோஜர் பாட்டர்சனைப் பாருங்கள். பிக்ஃபுட் பற்றி 1966இல் புத்தகமே போட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் ஓடையோரம், பிக்ஃபுட் அவர் கேமராவுக்கு எதிரில் நடந்து போனது. போகிறபோக்கில் திரும்பியும் பார்த்தது. புத்தகம் போடாதவர்களுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை.

2. நல்ல கேமரா வாங்காதீர்கள்.

பாட்டர்சனின் படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. பாதி நேரம் கேமரா ஆடுகிறது. கேமராவும் சொந்தமில்லை, வாடகை. உரிய நாளில் திருப்பித் தராததால் அவர்மேல் பிடிவாரண்ட் பிறந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அதைவிடப் புகழ்பெற்ற பிக்ஃபுட் படம் கிடையாது. இன்று ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது, காடெங்கும் மரத்துக்கு மரம் தானியங்கிக் கேமராக்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் படங்கள் தெளிவாக விழுவதுதான் சிக்கல். தெளிவாக விழுந்தால் கரடி என்று தெரிந்துவிடுகிறது.

3. காலடித் தடத்தைப் பெரிதாக்குங்கள்.

1958இல் பிளஃப் கிரீக் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் பிரம்மாண்டமான காலடிகளைக் கண்டார். உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டது, பிக்ஃபுட் நாடறிந்த பெயரானது. அந்தச் சாலை ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் 2002இல் இறந்ததும், அவர் குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய இரண்டு பெரிய பாதங்களை வெளியே எடுத்துக் காட்டினார்கள். இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுதான்: மரப்பாதங்களைச் சாவதற்கு முன்பே எரித்துவிட வேண்டும். செதுக்கச் சோம்பலாக இருந்தால் கரடியை நம்புங்கள். முன்னங்காலின் தடத்தின்மேலேயே பின்னங்காலை வைத்து அது நடக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பாதமாகிவிடும். பெரிய இடத்துச் சான்று வேண்டுமென்றால், நேபாளத்தின் மகாலு முகாமருகே, பிக்ஃபுட்டின் இமயமலைச் சகோதரனான எட்டியின் 32க்கு 15 அங்குலக் காலடிகளைக் கண்டதாக இந்திய ராணுவமே 2019இல் ட்விட்டரில் அறிவித்ததைச் சுட்டிக்காட்டுங்கள்.

4. ரோமத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பதில் வந்ததும் ஆய்வகத்தை மாற்றுங்கள்.

தேடலில் பேர்பெற்ற பீட்டர் பர்ன் 1976இல் எஃப்பிஐக்கே ரோமம் அனுப்பினார். மானின் ரோமம் என்று 1977இல் பதில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் உலகெங்கும் இருந்து எட்டி, பிக்ஃபுட் ரோமங்களை வரவழைத்து மரபணு பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார். கரடி, குதிரை, மாடு, முள்ளம்பன்றி, ரக்கூன், மான், மனிதன் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே வந்தது. அழைக்கப்பட்டவர் மட்டும் வரவில்லை. மனம் தளராதீர்கள். ‘பிக்ஃபுட் மாட்டின்மேல் உரசியிருக்கும்’ என்று சொல்லுங்கள். இதை மறுக்க எந்த ஆய்வகத்திலும் கருவி இல்லை.

5. ஆய்விதழ் கட்டுரையை ஏற்கவில்லையா? ஆய்விதழையே வாங்குங்கள்.

இது என் சொந்த யோசனை அல்ல. டெக்சாஸ் கால்நடை மருத்துவர் ஒருவர் 2012இல் பிக்ஃபுட்டின் மரபணுவைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அது பாதி மனித இனம் என்றார். கட்டுரை 2013இல் ‘டெனோவோ’ என்ற புத்தம்புதிய ஆய்விதழில் வந்தது. இதழ் அவர் கைவசம் இருந்தது. முதல் இதழில் இருந்த ஒரே கட்டுரையும் அவருடையதுதான். நிராகரிக்கப்படும் ஆபத்தே இல்லாத முறை இது.

6. உடல் வேண்டும் என்று கேட்டால், நன்றாக உறைய வைத்துக் கொடுங்கள்.

2008இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த இருவர் பிக்ஃபுட் உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாக அறிவித்தார்கள். கலிஃபோர்னியாவில் பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. பிறகு ஐஸ் உருகியது. உள்ளே ரப்பர் கொரில்லா உடை. இருவரில் ஒருவர் காவல்துறைக்காரர், வேலை போனது. அவர்கள் செய்த தவறு பொய் சொன்னதல்ல, பிரீசரைத் திறக்கவிட்டது.

7. நிஜ உடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுங்கள்.

புதிய உயிரினம் என்று விலங்கியலார் ஏற்க, மாதிரி ஒன்று மேசைமேல் கிடக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானுடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் பிக்ஃபுட்டை உயிராக நம்பியவர். அதனாலேயே ஒன்றைச் சுட்டுக் கொண்டுவர வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். ஆனால் அதே மாநிலத்தின் ஸ்கமேனியா மாவட்டம் 1969 ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு சட்டம் போட்டிருக்கிறது. பிக்ஃபுட்டைக் கொன்றால் அப்போது 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1984இல் தண்டனையைக் குறைத்துத் திருத்தியபோது இன்னொரு ஷரத்தையும் சேர்த்தார்கள்: செத்தது மனித வகை என்று பிணப் பரிசோதனை அதிகாரி சொன்னால் கொலை வழக்கு, குரங்கு வகை என்றால் இந்தச் சட்டம். ஐந்தாம் படியில் பாதி மனிதன் என்று நிரூபித்திருக்கிறீர்கள் அல்லவா? வக்கீலை இப்போதே பார்த்துவையுங்கள்.

இரண்டாம் கட்டம்: அங்கீகாரம்

8. அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுங்கள்.

2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் மாநில வனவிலங்குத் துறையின்மேல் போட்டார். கேட்டது ஒன்றே ஒன்று: பிக்ஃபுட் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கனடாவில் 2007இலேயே, பிக்ஃபுட்டுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் மனு ஒரு எம்பி வழியாக நாடாளுமன்றத்துக்குப் போனது. அரசாங்கம் சொல்வதை வேறு எந்த விஷயத்திலும் நீங்கள் நம்புவதில்லை. பிக்ஃபுட்டை மறைத்து வைத்திருப்பதே அரசாங்கம்தான் என்றும் சொல்லிவருகிறீர்கள். ஆனாலும் அதன் முத்திரை மட்டும் வேண்டும். இதில் முரண்பாடு இருப்பதாக யாராவது சொன்னால், அவரும் அரசாங்கத்து ஆள்.

9. நேரடியாக ஒப்புக்கொள்ளாவிட்டால் கட்டணம் வசூலிக்கச் சொல்லுங்கள்.

இருப்பதை ஒப்புக்கொள்ளாமலேயே ரசீது போட அரசாங்கங்களுக்குத் தெரியும். எட்டியைத் தேட நேபாளம் வைத்திருந்த விதிகளைக் காட்மாண்டு அமெரிக்கத் தூதரகம் 1959இல் தாளில் பதிந்து வைத்தது. அனுமதிக்கு 5,000 ரூபாய். படம் எடுக்கலாம், உயிரோடு பிடிக்கலாம், தற்காப்புக்கு அல்லாமல் சுடக்கூடாது. கண்டுபிடித்தால் பத்திரிகைக்குப் போகுமுன் நேபாள அரசிடம் சொல்ல வேண்டும். 2021இல் ஓக்லஹோமா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், பிக்ஃபுட் வேட்டைக்குப் பருவமும் உரிமமும் நிர்ணயிக்க மசோதா கொண்டுவந்தார். சுற்றுலா வளரும் என்பது கணக்கு. நாங்கள் அறிவியலைப் பார்ப்பவர்கள், பிக்ஃபுட்டை அங்கீகரிப்பதில்லை என்று மாநில வனவிலங்குத் துறை கையை விரித்துவிட்டது. உரிமக் கட்டணம் எவ்வளவு என்று துறையிடம் சொல்லியிருந்தால் அறிவியல் கொஞ்சம் வளைந்திருக்கும். நீங்கள் மறக்காமல் சொல்லுங்கள்.

10. முத்திரை விழுந்துவிட்டது. கொண்டாடுங்கள், ஆனால் சத்தம் போடாமல்.

வாழ்த்துகள்! இனி பிக்ஃபுட் 1973ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டத்துக்குள் போக வேண்டிய பிராணி. முதலில் வரிசையில் நிற்கும். ‘பாதுகாப்புக்குத் தகுதி உண்டு, ஆனால் முன்னுரிமை வேறு உயிரினங்களுக்கு’ என்று ஒரு வகையே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவை உண்டு. ஒருவழியாகப் பட்டியலில் ஏறியதும், அதைத் தொந்தரவு செய்வது, பின்தொடர்வது, பொறிவைப்பது, பிடிப்பது எல்லாமே குற்றம். தண்டனை 50,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும். இரவில் காட்டுக்குள் போய் ஊளையிடுவது, மரத்தைக் கட்டையால் தட்டி அழைப்பது, தின்பண்டம் வைத்துக் காத்திருப்பது என்று நீங்கள் வாரந்தோறும் செய்வதையெல்லாம் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டிலேயே பிக்ஃபுட் குற்றத்துக்கு முதலில் சிக்கப்போகிறவர் யார் என்பது விளங்கும். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டீர்கள்.

11. உள்ளூர்க்காரர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

இதே காடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தை 1990இல் அந்தப் பட்டியலில் ஏறியது. பழங்காடுகளில் மரம் வெட்டுவது பெருமளவு நின்றது. ஆந்தையைக் கொல், மரவெட்டியைக் காப்பாற்று என்ற பொருளில் வண்டிகளில் ஸ்டிக்கர்கள் ஒட்டினார்கள். அரைக்கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஆந்தைக்கே இந்தப் பாடு. எட்டடிப் பிராணி உலாவ எவ்வளவு காடு வேண்டும் என்று மர ஆலை வாசலில் நின்று விளக்குங்கள். ஓடுவதற்கு வசதியான செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

வில்லோ கிரீக் ஊருக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பிக்ஃபுட்டின் தலைநகரம் என்று சொல்லிக்கொண்டு, அருங்காட்சியகமும் ஆண்டுத் திருவிழாவும் நடத்திப் பிழைக்கிற ஊர். புதிர் முடிந்துவிட்டது, இனி இது தடைசெய்யப்பட்ட வாழிடம், கடைகளைச் சாத்துங்கள் என்று அறிவியுங்கள். தொலைக்காட்சிக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். பிக்ஃபுட்டைக் கண்டுபிடிப்பதாகப் பெயர் வைத்த நிகழ்ச்சி ஒன்று 2011இல் தொடங்கி 2018 வரை, அதைக் கண்டுபிடிக்காமலேயே அமோகமாக ஓடியது. கண்டுபிடித்திருந்தால் முதல் ஆண்டோடு மூட்டை கட்டியிருப்பார்கள்.

12. அடுத்துச் சுடப்படவேண்டியது யார் என்று முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு என்றால் போட்டியாளரையும் கவனிக்க வேண்டும். புள்ளி ஆந்தையின் இடத்தைப் பட்டை ஆந்தை பிடித்துக்கொள்கிறது என்பதால், முப்பது ஆண்டுகளில் சுமார் 4,50,000 பட்டை ஆந்தைகள் வரை சுட 2024இல் மத்திய வனவிலங்குத் துறை திட்டம் வகுத்தது. பிக்ஃபுட்டோடு ஒரே காட்டில், ஒரே உணவுக்கு, ஒரே தோற்றத்தில் போட்டியிடுவது கரடி. இத்தனை ஆண்டுகளாக உங்கள் புகைப்படங்களில் நடித்துக் கொடுத்த கரடி. நன்றிக்கடனை ஒரு கடிதத்தில் தீர்த்துவிடுங்கள்.

13. கடைசியாக, மரண அறிவிப்புக்குத் தயாராகுங்கள்.

தந்த அலகு மரங்கொத்தியை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி கடைசியாகப் பார்த்தது 1944இல். 2005இல் அது ஆர்கன்சாவில் மறுபடி தென்பட்டதாகப் பெரிய விஞ்ஞானிகளே அறிவித்தார்கள். சான்று, சில நொடிகள் ஓடும் மங்கலான வீடியோ. அந்தப் பறவைக்காக 2006இல் 32 கோடி டாலர் பாசனத் திட்டத்தை நீதிமன்றம் நிறுத்தியது. ஆண்டுகள் ஓடின, பறவை வரவில்லை. 2021இல் அது அழிந்துவிட்டதாக அறிவிக்க அரசு முன்மொழிந்தது. 2023இல் மற்ற 21 இனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இதன் தீர்ப்பை மட்டும் தள்ளிவைத்தது. பிக்ஃபுட் கோப்பும் ஒருநாள் அங்கே வந்து நிற்கும். இருக்கிறது என்று முத்திரை குத்தியவர்களே, இல்லை என்றும் குத்துவார்கள். முன்பெல்லாம் உங்கள் மைத்துனர் மட்டும்தான் இல்லை என்றார். இனி அரசிதழே சொல்லும், அதை நம்பும்படி கேட்டுக்கொண்டவர் நீங்கள்.

இத்தனை படிகளையும் ஏறிய பிறகும் மனுப் போடுவது என்று உறுதியாக இருந்தால், போடுங்கள். வாதத்தில் ஜெயிப்பது உங்களுக்கு முக்கியம், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். காட்டில் இருக்கிற பிராணிக்கு நல்லது செய்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். புள்ளி ஆந்தை இருக்கிறதா என்று உலகில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தெளிவான படங்கள் இருக்கின்றன, மாதிரிகள் இருக்கின்றன, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அதன் எண்ணிக்கை இன்றும் குறைந்துகொண்டுதான் வருகிறது.