கோசாய்குண்டம் போகிறீர்களா?

கேள்வி: நேபாளத்தின் கோசாய்குண்டம் ஏரிக்கு வழிகாட்டியோடு நடந்துபோகத் திட்டம். நாலு நாள் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் என்ன வாங்கட்டும்?

பதில்: இன்னும் இரண்டு நாள் லீவு வாங்குங்கள்! ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் காத்மாண்டு தமேல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். உடம்பு பழகுவதற்கான நாளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஏரி 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். நடை தொடங்கும் துன்சேயிலிருந்து விறுவிறுவென்று ஏறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை மூன்றும் கூடவே ஏறும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள சந்தன்பாரி, சோலாங்பாட்டி, லௌரிபினா என்று இரவுகளைப் பிரித்துத் தங்குங்கள்.

வழிகாட்டியிடம் கட்டணம் கேட்பதற்கு முன், "தலைவலி விடாவிட்டால் எங்களைக் கீழே இறக்கிவிடுவீர்களா?" என்று கேளுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்பவர் வேண்டாம்.

ஆலகாலம் உண்ட சிவன், சூடு தணியத் திரிசூலத்தால் குத்திய ஊற்றே இந்த ஏரி என்பது தலபுராணம். நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியில் பக்தர் கூட்டம் அலைமோதும், மழையும் சேர்ந்துகொள்ளும். நடைக்கு அக்டோபர், நவம்பரே சரி. மேகமில்லாத காலையில் லௌரிபினாவிலிருந்து லாங்டாங் லிருங் சிகரம் தெரியும். கேமராவைப் பையின் அடியில் வைக்காதீர்கள்.