ஆர்சனல் தோற்ற அன்று

1975-இல் மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூர் காற்பந்துக் குழு இங்கிலாந்தின் ஆர்சனலை 2-0 என்று கவிழ்த்தது. அன்று அங்கே இல்லாத மாமா ஒருவரைக் கிள்ளானில் நான் இன்னும் சந்திக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்தால், அன்றைக்குத் திடலில் பந்து உருளவே இடமிருந்திருக்காது.

இரண்டு கோலும் மொக்தார் டஹாரி போட்டவை. அதில் யாருக்கும் சண்டையில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து என்பதில்தான் சண்டை. என் பெரிய மாமாவின் கணக்கில் அந்த முதல் கோல் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஐந்து கெஜம் பின்னால் போகிறது. இப்போது அது நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இன்னும் சில தீபாவளி போனால் மொக்தார் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் நின்று உதைத்திருப்பார்.

"அன்னைக்கு உங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சுன்னு உங்கம்மா சொன்னாங்களே?" என்று அத்தை அடுப்படியிலிருந்து கேட்பார்.

"அம்மையோடதான் போனேன். அதான் பக்கத்துல யாரும் உட்காரல, நல்லாத் தெரிஞ்சுது."

அதே வருடம் அதே அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் பதினைந்து சுற்று மோதினார்கள். மாமா அதற்கும் போயிருந்தார். 1967-இல் சிலாங்கூர் பாங்காக்கில் ஆசிய சாம்பியன் இறுதியாட்டம் வரை முன்னேறி ஹப்போவேல் டெல் அவீவிடம் 1-2 என்று தோற்றதை மட்டும் நேரில் பார்த்ததாகச் சொல்வதில்லை. அதற்கு யாராவது கடப்பிதழைக் கேட்டுவிடலாம்.

பாட்டியின் ஆதரவு வேறு வகை. பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் சிலாங்கூரின் சட்டை சிவப்பும் மஞ்சளும். "குங்குமமும் மஞ்சளுமா வர்ற பிள்ளைங்க தோக்கக் கூடாது" என்று வானொலிக்கு முன்னால் விளக்கேற்றி வைப்பார். சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை 33 தடவை வென்றதற்கு மொக்தார் மட்டும் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்ல முடியாது.

கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் விஷயத்தில் மாமாக்கள் இன்னும் ஒரு படி மேலே. நீண்ட கைகளால் எதையும் எட்டிப் பிடித்ததால் நாடே அவரை ஸ்பைடர்மேன் என்றது. "நம்ம பையன்" என்று ஆரம்பிப்பார்கள். "சின்ன வயசுல நான் உதைச்ச பந்தைப் பிடிச்சுத்தான் அவன் கை நீண்டுச்சு" என்று இரண்டு மாமாக்கள் தனித்தனியே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தின் கோல்கீப்பர் முத்துவைப் பார்த்து, அதுவும் தங்கள் கதைதான் என்று உரிமை கொண்டாடினார்கள். 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் போனபோது வயது 35. மொக்தார் 1991-இல், 37 வயதில். இந்த இரண்டு இடங்களில் மட்டும் யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

மாமாக்களின் நாட்காட்டியில் 1980 ஏப்ரல் மாதத்தோடு முடிந்துவிடும். அந்த மாதம் ஆறுமுகம் கோல் காத்த மலேசியா, தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. புறக்கணிப்பால் அங்கே போகவில்லை, அது அரசியல். பிறகு நடந்த மலேசியக் கிண்ண இறுதியில் பதினேழு வயது ஃபாண்டி அகமது கோல் போட்டு, சிங்கப்பூர் நம் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. அப்படியொரு ஆட்டம் நடந்ததே மாமாவுக்குத் தெரியாது. 1981-இல் அதே சிங்கப்பூரை 4-0 என்று அடித்தது மட்டும் நிமிடவாரியாகத் தெரியும். பகை பழையது. 1921-இல், அப்போது மலாயாக் கிண்ணம் என்றிருந்த இதே கிண்ணத்தின் முதல் இறுதியிலேயே சிங்கப்பூர் நம்மை வென்றது; அடுத்த வருடமே கிண்ணத்தை எடுத்துக்கொண்டோம். அந்த 1922 ஆட்டத்துக்கு மாமாவின் தாத்தா போயிருந்தாராம். தோட்டத்தில் அவருக்கு அன்றைக்கு லீவு கொடுத்த துரை யார் என்று கேட்கக் கூடாது.

33-ஆவது கிண்ணம் 2015-இல், ஷா ஆலாம் அரங்கில், கெடாவை 2-0 என்று வென்று வந்தது. மாமாவின் பேரன் அப்போது பால்வாடிக்குப் போகும் பிள்ளை. இப்போது பள்ளி நண்பர்களிடம், தான் அன்றைக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்ததாகச் சொல்கிறான்.

"எந்த நாற்காலிடா?" என்றேன்.

"அந்த ஸ்டேடியத்தைத்தான் இடிச்சிட்டாங்களே மாமா," என்றான்.