வீட்டுச் சினிமாச் சாமான் இயல்: தொகை, வகை, விரி

பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், குதிரைக்கு எத்தனை சுழி, வெற்றிலையை எப்படி மடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் நம்மிடம் சாஸ்திரம் உண்டு. சினிமாவில் பார்த்த ஒரு சாமானை வீட்டில் செய்து, அதை வேலை செய்யவும் வைக்கும் கலைக்கு மட்டும் நூல் கிடையாது. அரை டிராயர் போட்ட பருவத்தில் இக்கலையில் ஒரு தடவையாவது கை வைக்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. அக்குறை தீர இவ்வியல் எழுந்தது என்க.

நிலைக்களன் சங்கரன்கோவில். கோடம்பாக்கம் இருக்க இவ்வூர் எதற்கு எனின், இக்கலைக்கு வேண்டிய மூலப்பொருள் யாவும் இங்கே நடந்து போகிற தூரத்தில் அகப்படும். விசைத்தறிக் கூடங்களின் பின்பக்கம் நூல் தீர்ந்த தார்க்குச்சியும் அறுந்த பெல்ட்டும் கிடக்கும். ஆடித்தபசுக் கடைகளில் பிளாஸ்டிக் வாளும் கூலிங் கிளாஸும் துப்பாக்கியும் ஒரே கயிற்றில் தொங்கும். துப்பாக்கிக்கு வேண்டிய கேப், வடக்கே இருக்கும் சிவகாசியிலிருந்து வந்து சேரும். போதாததற்கு வெயில் உண்டு. வெயிலின் பயன் பின்னர் விளங்கும்.

முதலில் தொகை. சினிமாச் சாமான் இரண்டே: கேமரா இல்லாவிட்டாலும் வேலை செய்வது, கேமரா இருந்தால் மட்டும் வேலை செய்வது. அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய வாளைப் பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக வந்தவன் இடுப்பில் செருகியிருப்பானே, அது எங்கே சேரும் என்று கேட்கலாம். எங்கும் சேராது. அது நாடகச் சாமான். அதனால் ஒரு வெண்டைக்காயைக்கூட வெட்ட முடியாது. ஆகவே இந்நூலுக்கு வெளியே நிற்கிறது.

இனி வகை. கேமரா இல்லாமலே வேலை செய்பவற்றில் தலையாயது சாட்டை. 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். சுழற்றிய பிறகு, தமிழ்நாட்டில் கொடிக்கயிறுகளுக்குப் பாதுகாப்பில்லாமல் போயிற்று. சாட்டையைச் செய்வது எளிது. பேச வைப்பதுதான் வித்தை. அடிப்பக்கம் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்துவரும் கயிற்றில், கையிலிருந்து கிளம்பும் அலை மெலிந்த இடத்துக்கு வர வர வேகம் பிடிக்கிறது. நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழுவதே அந்தப் ‘பட்’. ஒரே கனத்தில் இருக்கும் கொடிக்கயிறு எத்தனை ஆவேசமாகச் சுழற்றினாலும் எளிதில் பேசாது. இது தெரியாமல் சுழற்றியவர்கள் வாயாலேயே சத்தம் கொடுத்துச் சமாளித்தார்கள். அவர்களை உரையாசிரியர் ‘வாய்ச்சாட்டையர்’ என்று தனியே வைப்பர்.

ஆட்டோ, பால்காரர் சைக்கிள் முதலியவை இவ்வகையே எனினும் விலக்கப்பட்டன. ‘பாட்ஷா’ ஆட்டோவை யாரும் செய்வதில்லை, வாங்குகிறார்கள். வாங்கியபின் செய்வது ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டுமே. ‘சந்திரலேகா’வின் (1948) முரசுகள் நன்றாகவே வேலை செய்தன, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்துக் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆயினும் அவையும் விலக்கு. அந்த முரசு ஒன்றை வைக்க இடமுள்ள வீட்டில் குடியிருப்பவருக்கு இந்நூல் தேவைப்படாது.

கேமரா இருந்தால் மட்டும் வேலை செய்பவையே இந்நூலின் உயிர். ‘மாயாபஜார்’ (1957) லட்டை எடுத்துக்கொள்வோம். ரங்காராவ் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகின்றன. அங்கே லட்டு செய்த வேலை ஒன்றுமில்லை. வேலை செய்தது ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கேமரா. ஆக, இதை வீட்டில் செய்யப் புகுந்தவன் ஒரு பொருளுக்கு நகல் எடுக்கவில்லை. ஒரு பொய்யை மெய்யாக்கப் பார்க்கிறான். மூலம் வேலை செய்யவில்லை, நகல் வேலை செய்தாக வேண்டும். எந்தச் சிற்பியின் தலையிலும் எந்தத் தச்சர் தலையிலும் சுமத்தப்படாத நிபந்தனை இது. பத்து வயதுப் பையன் அதைப் பேரம் பேசாமல் ஏற்கிறான்.

லட்டை நூலில் கட்டி இழுப்பது ஒரு கட்சி. லட்டு மசியும், நூல் அறுத்துக்கொண்டு தனியே வரும். ஆதலால் ரவா உருண்டை உத்தமம் என்பர் இக்கட்சியில் முதிர்ந்தோர். துப்பிய லட்டைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டுவது மறுகட்சி. இது செல்போன் வந்தபின் தோன்றிய இளங்கட்சி. வீட்டில் லட்டு தீர்ந்ததும் கட்சியும் கலைந்துவிடும். அதே படத்தில் ‘பிரியதர்சினி’ என்றொரு பேழை வரும். திறந்தால் மனத்துக்குப் பிடித்தவர் உருவம் தெரியும். அதை யாரும் வீட்டில் செய்யவில்லை. இப்போது எல்லார் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் ரீசார்ஜ் கேட்கிறது. மனத்துக்குப் பிடிக்காதவர்களும் அதில் தெரிகிறார்கள் என்பதே வேறுபாடு.

அடுத்து, படத்தில் பொய்யாகப் பெரிதாகவும் வீட்டில் மெய்யாகச் சிறிதாகவும் வேலை செய்வன. ‘எந்திரன்’ (2010) சிட்டி தன்னைக் காந்தமாக்கிக்கொண்டு ரௌடிகளின் கையிலிருந்த அரிவாள்களையெல்லாம் இழுத்துக்கொள்ளுமல்லவா? அந்த ரோபோவின் அசைவுப் பொம்மைகளுக்கு அமெரிக்காவின் லெகஸி எஃபெக்ட்ஸ் நிறுவனத்தார் வேலை செய்தார்கள். சங்கரன்கோவில் பையனுக்கு வேண்டியது மூன்றங்குல ஆணி, பழைய மின்விசிறிக் காயிலிலிருந்து பிரித்த செம்புக் கம்பி, ஒரு டார்ச் பேட்டரி. கம்பியின் இரு முனையிலும் மேல்பூச்சைச் சுரண்ட வேண்டும்; சுரண்டாதவன் பேட்டரியைக் குறை சொல்லித் திரிவான். சுற்று கூடக் கூட இழுப்பு கூடும். சிட்டிக்கு வந்தவை அரிவாள்கள், இவனுக்கு வந்தவை குண்டூசியும் அக்காளின் ஹேர்பின்னும். அளவைப் பார்த்து இளப்பமாகச் சொல்வோர் ஒன்றை மறக்கிறார்கள்: சிட்டியின் அரிவாள்களை இழுத்தது கம்ப்யூட்டர். ஹேர்பின்னை இழுத்தது காந்தம்.

பாதி வேலை செய்வன என்றொரு வகையும் உண்டு. ஒரு பாதி சிவனும் மறுபாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் நிற்கும் ஊரில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கேப் துப்பாக்கி இதற்கு எடுத்துக்காட்டு. சத்தம் மெய், புகை மெய், வாசனை மெய்யினும் மெய். குண்டு மட்டும் கிடையாது. ஆகவே சாகிறவன் ஒத்துழைத்தால்தான் இது வேலை செய்யும். “ஏல, நான் எப்பவோ சுட்டுட்டேன், நீ இன்னும் நிக்க?” என்ற வழக்கு தெருவுக்குத் தெரு நடந்திருக்கிறது. தீர்ப்பு வந்ததில்லை.

வெளிநாட்டார் மரபையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ ஒளிவாளின் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்னும் பழைய பத்திரிகைக் கேமராவின் பிளாஷ் கைப்பிடிதான். ஒளியைப் பிறகு படச்சுருளில் சேர்த்தார்கள். அதன் விளைவு, படத்தைப் பார்த்து நகல் செய்ய விரும்பிய ரசிகர்கள் பழங்கேமராக் கடைகளில் புகுந்து அந்தக் கைப்பிடிகளை வாங்கிக் குவித்தார்கள். இங்கே படக்காரரே கேமராக் கடையில் வாங்கியவர், நகல் செய்பவரும் அதே கடைக்குப் போகிறார். எது மூலம் எது நகல் என்பது ஆய்வுக்குரியது. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ இரண்டாம் பாகத்தில் (1989) தானே கட்டிக்கொண்ட ஷூவின் கயிற்றை மெய்யாகவே கட்டிக்கொள்ள வைக்க நைக்கி நிறுவனத்துக்கு 2016 வரை ஆயிற்று. செய்தது 89 ஜோடி. நம்மூரில் கயிறே இல்லாத செருப்பைப் போட்டு அச்சிக்கலைத் தொடக்கத்திலேயே தீர்த்திருந்தோம்.

செய்யத்தகாதன: விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’யில் (1978) பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைக்கும். இவ்வகைக்கு விரி கிடையாது.

இனி இவ்வியலின் முடிமணி. சினிமாவில் வரும் சாமான்களைச் செய்து சலித்தவன் கடைசியில் சினிமாவையே செய்யப் புகுவான். வீட்டு புரொஜெக்டர் எனப்படுவது அதுவே. 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரைப் பெற்றுக் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அவரை இக்கலையின் ஆதிகுரு என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? அவர் காசு கொடுத்து வாங்கினார். நம் பையன்கள் பல்பை உடைத்தார்கள்.

பியூஸ் போன குண்டு பல்பின் அடியில் உள்ள கறுப்பை மெல்லத் தட்டி எடுத்து, உள்ளே நிற்கும் கண்ணாடித் தண்டை நொறுக்கிக் கொட்டி, பல்பு நிறையத் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸ். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் அதைப் பொருத்தி, பின்னால் பிலிம் துண்டை நிறுத்தி, முற்றத்திலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்ப வேண்டும். பிலிம் எவ்வளவு பின்னால் என்பதில்தான் பலர் தோற்றார்கள். தண்ணீர் நிறைந்த கோளம், நடுவிலிருந்து அளந்தால், தன் விட்டத்தின் அளவு தூரத்தில் ஒளியைக் குவிக்கும். 6 செ.மீ. விட்டமுள்ள பல்பின் நடுவிலிருந்து 6 செ.மீ.க்கு ஒரு நூல் கூடுதலாக பிலிம் நின்றால், 2 மீட்டர் தள்ளிக் கட்டிய வேட்டியில் படம் இரண்டடி அகலத்துக்கு விழும். நடுவில் முகம் துலக்கமாக இருக்கும், ஓரம் கலங்கும். கோள லென்ஸின் குணம் அது. படம் தலைகீழாக விழுவதால் பிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவனைவிட, ஹீரோ தலைகீழாக வந்ததற்காகக் கூட்டத்தில் குட்டு வாங்கியவன் நன்றாக அறிவான்.

பிலிம் துண்டிலும் சாதி உண்டு. சாதாரணத் துண்டு, ஸ்கோப் துண்டு. சினிமாஸ்கோப் படத்தை பிலிமில் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி வைத்திருப்பார்கள். அரங்கின் சிறப்பு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். தண்ணீர் பல்புக்கு விரிக்கத் தெரியாது. தமிழின் முதல் சினிமாஸ்கோப்பான ‘ராஜ ராஜ சோழன்’ (1973) துண்டு கிடைத்தவன் வீட்டு வேட்டியில் சிவாஜி கணேசன் ஒட்டடைக் குச்சியாக நின்றிருப்பார். பிலிமின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு போகும். அதுதான் ஒலி. அரங்கில் அதன்மேல் விளக்கு விழுந்து வசனமாக வரும். வீட்டில் அது கோடாகவே இருக்கும். வசனத்துக்கு ஆள் வைத்தார்கள்.

ஓட்டுவதில்தான் இக்கலை முட்டி நின்றது. ஓர் அடி பிலிமில் 16 கட்டங்கள், நொடிக்கு 24 கட்டங்கள் ஓடவேண்டும். தார்க்குச்சி இரண்டில் பிலிமைச் சுற்றி இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. வேட்டியில் தெரிந்தது மேலிருந்து கீழே வழியும் வர்ணக் கூழ். அரங்கின் புரொஜெக்டர் பிலிமை ஒரே ஓட்டமாக இழுப்பதில்லை. நிறுத்தி, காட்டி, மறைத்து, அடுத்ததை இழுக்கிறது. அதற்குச் சிலுவை வடிவப் பல்சக்கரமும், நகரும் கணத்தில் ஒளியை மறைக்கும் தகடும் வேண்டும். பையன்களிடம் இருந்தது விரல். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளி, “இப்ப அடிக்கான், இப்ப விழுதான்” என்று கதை சொன்னார்கள். ஆகவே வேலை செய்யும் நகல் என்ற இலக்கணத்தில் இது தேறுமா என்ற ஐயம் எழும். தேறும். அரங்கத்திலும் அசையாப் படங்கள்தாம் ஓடுகின்றன. அசைவைச் சேர்ப்பது பார்ப்பவன் மூளை. வீட்டில் அவன் மூளைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுத்தார்கள்.

இவ்வகை இப்போது அற்றுப்போயிற்று. அரங்குக்குப் படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது, உடைத்தால் துண்டு கிடைக்காது. வீட்டில் எல்.இ.டி. பல்பு எரிகிறது, அதில் தண்ணீர் ஊற்றவும் முடியாது.

எஞ்சியது ஆள் வகை. படம் தள்ளுபவன், வசனம் பேசுபவன், புளியங்கொட்டை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுப்பவன், “எவம்ல என் வேட்டியச் சுவத்துல ஆணியடிச்சி வச்சிருக்கது?” என்று நுழைந்து காட்சியை முடித்துவைக்கும் தாத்தா ஆகிய நால்வரும் யாவரும் அறிந்தவர். ஐந்தாமவன் கண்ணாடி பிடிப்பவன். சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. கண்ணாடி சும்மா இருந்தால் மூன்று மீட்டர் தூரத்தில் ஒளி ஐந்து செ.மீ. விலகிவிடும். ஆதலால் அவன் அங்கேயே நின்று திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பொதுவாக வயதில் சிறியவன், பிலிம் துண்டுக்குச் சொந்தக்காரனாகவும் இருப்பான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் “என்னல, என்னல” என்பான். பொறுக்கமாட்டாமல், கண்ணாடியைத் திண்ணையில் சாத்திவிட்டு உள்ளே பார்க்க ஓடிவருவான். வேட்டி இருண்டுவிடும். உடனே உள்ளே எல்லாரும் விசிலடித்து, “ஆப்பரேட்டரு! ஏ ஆப்பரேட்டரு!” என்று கூவுவார்கள். நகலில் யாரும் செய்யாமலே முழுக்க வேலை செய்த பகுதி இது ஒன்றே.