ஈ.பி. தாத்தா

மின்வாரியத்தில் 35 ஆண்டு சம்பளமும், அதற்குப் பிறகு ஏறக்குறைய அதே அளவு காலம் பென்ஷனும் வாங்கி, இரண்டு காலத்திலும் சங்கீதத்தை மட்டுமே உருப்படியாகக் கவனித்த பெரியவர் ஈ.பி. தாத்தா எனப்படுவார். தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் இன்றும் சிலர் தென்படுகிறார்கள்.

இவர் பெரும்பாலும் 1930-களில் பிறந்தவர். மேட்டூரில் 1937-இல் மின் உற்பத்தி தொடங்கியது. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே தவழ்ந்த பிள்ளைக்கு வேறு கதி ஏது? பாட்டு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதாகவும், 'பாட்டு சோறு போடுமாடா?' என்று அப்பா கேட்டதாகவும் சொல்வார். எல்லா ஈ.பி. தாத்தாக்களின் அப்பாக்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். 1957-இல் வாரியம் அமைந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு போய் நின்றார். சில ஆண்டுகள் ஏணி தூக்கி, கம்பம் ஏறி, ஃபியூஸ் போட்ட பிறகு சப் ஸ்டேஷனில் ஆப்பரேட்டர் ஆனார். உண்மையான சங்கீதப் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடும்போது, டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை விரிந்து சுருங்கும். ஆகவே அதன் முனகல் நொடிக்கு 100 அதிர்வு. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்குத் தம்புராவின் பஞ்சமத் தந்தி ஏறக்குறைய 98 அதிர்வில் நிற்க வேண்டும். அதாவது சப் ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ராப்பகலாகப் பஞ்சமம் மீட்டிக்கொண்டிருக்கிறது. சற்றே தூக்கல், அவ்வளவுதான். மற்ற ஊழியர்களுக்கு அது இரைச்சல். இவருக்கோ வாரியம் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த தம்புரா. நைட் ஷிப்டில் அதோடு சேர்ந்து வராளி பாடிப் பார்ப்பார். வராளியை குரு நேரில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று வித்வான்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை குருவாகக் கொண்டவருக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டு லோடு ஏறினால் அந்த 50 சுற்று குறையும். 1990-களில் தென் மாநிலங்களில் அது 49-க்கும் கீழே இறங்குவது வாடிக்கை. மேலதிகாரிகள் தலையில் கை வைத்துக்கொள்ளும் நேரம் அது. ஆனால் 49-இல் முனகல் 98; பஞ்சமம் துல்லியமாகச் சேர்ந்துவிடும். 'இப்பத்தான் சுருதி சேர்ந்தது' என்று தாத்தா மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். 2003-இல் புதிய கட்டண முறை வந்தது. அதிர்வெண் குறைந்த நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுப்பவர் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்றானதும் நிலைமை சீராயிற்று. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதற்குப் பிறகு அபஸ்வரம் என்பது அவர் கட்சி.

சங்கீதத்தால் வாரியத்துக்கும் லாபம் இருந்தது. எங்காவது இன்சுலேட்டர் கெட்டுப் பொறி தட்டினால், பக்கத்திலுள்ள ரேடியோவில் கொரகொரப்பு வரும். திருச்சி நிலையக் கச்சேரியில் அப்படி வந்துவிட்டால் தாத்தா பொறுக்கமாட்டார். டார்ச்சும் டிரான்சிஸ்டருமாகக் கிளம்பி, இரைச்சல் கூடும் திசையில் கம்பம் கம்பமாக நடந்து பழுதைக் கண்டுபிடிப்பார். அவர் எல்லையில் லைன் ஒழுங்காக இருந்ததற்குக் கடமை உணர்ச்சி மட்டும் காரணமில்லை.

அவருக்கு ஆகாத ராகம் ஒன்றே ஒன்று: அமிர்தவர்ஷிணி. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அதைப் பாடி மழை வரவழைத்தார் என்பது ஐதீகம். மழை வந்தால் கிளை முறியும், கம்பி அறும், விடிய விடியக் கம்பம் ஏற வேண்டும். ஐப்பசியில் யாராவது அதை எடுத்தால் தாத்தா எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்ப்பார்.

ரசிகர் என்ற முறையில் அவருடைய கணக்கு கறாரானது. ஜி.என்.பி., அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், மதுரை மணி ஐயர் மூவரும் 1965-க்கும் 1968-க்கும் இடையில் போய்ச் சேர்ந்தார்கள். 'மூணு ஃபேஸும் போச்சு' என்பார். செம்மங்குடி 2003 வரை இருந்ததால் 'சிங்கிள் ஃபேஸாவது வந்துண்டிருந்தது' என்று ஒரு சலுகை உண்டு. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்தியமம் ஒன்றுதான் வித்தியாசம் என்று பேரனுக்கு விளக்கும்போது, 'நியூட்ரலையும் ஃபேஸையும் மாத்திக் கொடுத்தா என்ன ஆகும்?' என்று கேட்பார். பேரனுக்கு இரண்டுமே தெரியாது. தனி ஆவர்த்தனத்தின்போது சபாவே கேன்டீனுக்குப் போகும். தாத்தா அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் போய் ஃபியூஸ் கேரியரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதென்று செயலாளரிடம் புகார் சொல்லிவிட்டு வருவார்.

ஆப்பரேட்டர் மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் வோல்ட், ஆம்பியர் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் குறிப்புக்கு. ஒன்றும் ஆகவில்லையென்றால் 'நார்மல்'. எதுவும் எரியவில்லை, யாருக்கும் அடிபடவில்லை என்று அர்த்தம்; அந்த உத்தியோகத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கேட்ட கச்சேரிகளை எல்லாம் நோட்டில் கட்டம் போட்டு எழுதினார்: தேதி, வித்வான், கட்டை, ராகம், குறிப்பு. குழம்பு எப்படி என்று பாட்டி கேட்டாலும் 'நார்மல்'தான். அறுபது வருஷமாகப் பாட்டிக்கு அதில் மனத்தாங்கல்.

தொண்ணூறைத் தொட்டுத்தான் இவர்கள் போகிறார்கள். மேற்கு மாம்பலத்து வீடொன்றில் காரியமெல்லாம் முடிந்த பிறகு பொருள்களைப் பிரித்தார்கள். டெஸ்டரை மூத்த பிள்ளை எடுத்துக்கொண்டார். சுருதிப் பெட்டியை நிறுத்த யாருக்கும் தெரியாததால் அது பதின்மூன்று நாளும் பாடிக்கொண்டிருந்தது. நோட்டுகளைப் புரட்டிய பேத்தி, முதல் நோட்டில் கல்யாணத் தேதியைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தாள். நாயனம் இரண்டரைக் கட்டை. தோடி, 8.10 முதல் 9.25 வரை. சப்ளை தடங்கல் இரண்டு முறை. மணப்பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குறிப்புக் கட்டத்தில், 'நார்மல்'.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரெண்டு இல்லடி," என்றார். "மூணு தரம் போச்சு."