வெள்ளாற்றங்கரையில் சீனம்

கேள்வி: கல்லூரியில் சீன மொழி படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் எல்லாம் மறந்துபோகிறதே, என்ன செய்ய?
– வாசகி, லப்பைக்குடிக்காடு

பதில்: வெயிலில் வெள்ளாறே வற்றுகிறது, சீனம் வற்றாதா! தினம் ஐந்து எழுத்தைக் கையால் எழுதுங்கள். கைபேசியில் தட்டினால் விரல்தான் தேறும்.

பேச்சுத்துணைக்குச் சிங்கப்பூர் சபுர் (பயணம்) போய் வந்த மாமா தெருவுக்கு ஒருவர் இருப்பாரே? ஒரு எச்சரிக்கை: அவர் வேலையிடத்தில் பொறுக்கியது ஹொக்கியன் என்ற வேறு சீனக் கிளைமொழியாக இருக்கலாம். அதைத் தேர்வில் எழுதினால் மாண்டரின் ஆசிரியர் மயங்கி விழுவார்.

பண்பாட்டுப் பாடத்துக்குப் பக்கத்திலேயே போகலாம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பானை ஓடுகள் கிடைத்தன. ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1015-இலேயே சீனாவின் சோங் அரசவைக்குப் போனவர்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனத் தளபதி ஜெங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதியின் காணிக்கை புத்தருக்கு, தமிழ்ப் பகுதி இந்துக் கடவுளான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. கப்பல் கரை சேர யார் தயவையும் விட்டுவைக்காத மனிதர்!

அந்தக் கல்வெட்டின் படத்தைத் தேடி, சீன வரிகளைப் படித்துப் பாருங்கள். பழைய நடை, விடுமுறை போதாது.