312 பக்க ஆய்வேட்டைக் கண்ணளவில் வடிவமைப்பது எப்படி?

ஆய்வேடு எழுதி முடித்துவிட்டீர்களா? வாழ்த்துகள். 312 பக்கம். இனி வடிவமைப்பு ஒன்றுதான் பாக்கி. ஏ4 தாள், பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம், ஒன்றரை வரி இடைவெளி, எல்லா இயல் தலைப்பும் ஒரே மாதிரி. விதித்தாளில் இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். வேர்டில் 'ஸ்டைல்' என்று ஒன்று உண்டு, ஒரு தடவை அமைத்துவிட்டால் ஏடு முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்களிடம் கண் இருக்கிறது, என்டர் இருக்கிறது, ஸ்பேஸ் பார் இருக்கிறது. ஆரம்பிக்கலாம்.

1. புதிய இயல் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும். என்டரைத் தட்டுங்கள், 17 முறை. கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் ஒரே தட்டில் அடுத்த பக்கம் வந்துவிடும். ஆனால் அதில் உழைப்பு தெரியாது. நாளைக்கே உங்கள் நெறியாளர் 12ஆம் பக்கத்தில் இரண்டு வரியை அடித்துவிடுவார். இரண்டாம் இயலின் தலைப்பு மெல்ல மேலேறி முதல் இயலின் கடைசிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு என்டர் சேருங்கள். அடுத்த வாரம் அவரே அந்த இரண்டு வரியும் இருக்கட்டும் என்பார். இரண்டு என்டரை எடுங்கள்.

2. தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். போல்டு. 16. அடிக்கோடு. நடுவில் வர வேண்டுமா? ஸ்பேஸ் பாரை 23 தடவை தட்டிவிட்டு, சுவரில் படம் மாட்டுகிறவர் மாதிரி இரண்டடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இன்னும் ஒன்று தட்டலாம். இரண்டாம் இயலுக்கு வரும்போது முதல் இயலுக்கு என்ன அளவு வைத்தோம் என்பது மறந்திருக்கும். போய்ப் பார்க்காதீர்கள். அன்றைக்கு 15 என்று தோன்றினால் 15. எங்கேயாவது துணைத்தலைப்பு தலைப்பைவிடப் பெரிதாகிவிட்டால், அந்த இடத்தில் ஆய்வு ஆழமாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

3. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததை அப்படியே ஒட்டுங்கள். நீல எழுத்து, சதுர அடைப்புக்குள் 14 என்று ஒரு குட்டி எண், எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கும். எழுத்தை மட்டும் ஒட்டுகிற வசதியும் அங்கேயே இருக்கிறது, கை வைக்காதீர்கள். எங்கிருந்து எடுத்தது என்பது நிறத்திலேயே தெரிந்தால் தேர்வாளருக்கு வேலை மிச்சம். ஆங்கில மேற்கோள்களையும் மாற்றாமல் விடுங்கள். அண்ணனின் பழைய எம்.ஃபில். ஏட்டிலிருந்து எடுத்தது டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும். 2007-இல் காலிப்ரி வந்தது. கல்லூரிக் கணினியில் அடித்தது அதில் இருக்கும். புது மடிக்கணினியில் அடித்தது, 2023-இல் அறிவித்த ஆப்டோஸில். கீழடிக் குழி மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். பின்னால் வருகிறவர்கள் கால ஆராய்ச்சி செய்துகொள்ளட்டும்.

4. இனி தமிழ் எழுத்துரு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது.

முதல் இயல் பாமினியில் இருக்கட்டும். இரண்டாவது வானவில்லில். மூன்றாவது யூனிகோடில், லதாவோ நிர்மலாவோ கைக்கு வந்தது. திரையில் மூன்றும் தமிழாகத்தானே தெரிகிறது? தொல்காப்பியர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று தேடிப் பாருங்கள். மூன்றாம் இயலில் மட்டும் அகப்படுவார். மற்ற இரண்டு இயலிலும் அவர் தலைமறைவு.

பாமினியில் அடிக்கும்போது, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதியை அணைக்கவே அணைக்காதீர்கள். பாமினியில் 'த' என்பது சின்ன ஜே, பெரிய ஜே போட்டால் 'து'. ஆகவே 'தமிழ்' என்று தொடங்குகிற பத்தியெல்லாம் 'துமிழ்' என்று தொடங்கும். மக்கள், முக்கள் ஆவார்கள். நீங்கள் திருத்துவீர்கள், அடுத்த பத்தியில் வேர்டு மறுபடியும் திருத்தும். இருவருக்கும் சலிக்காது.

பிறகு மொத்த ஏட்டையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக லதாவுக்கு மாற்றுங்கள். மூன்றாம் இயல் அசையாமல் நிற்கும். முதல் இயலில் 'தமிழ்' இருந்த இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கும். பதற வேண்டாம், பழையபடி பாமினிக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அதற்குள் யூனிகோடு இயலில் ஒரு வேலை நினைவுக்கு வரும்: அரைப்புள்ளி அதிகமாக இருக்கிறது, எல்லாவற்றையும் காற்புள்ளி ஆக்கலாம். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்துங்கள். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. காற்புள்ளி என்பது 'இ'. நான் ஒரு நண்பருக்கு இந்த உதவியைச் செய்து கொடுத்தேன். தமிழஇ. ஆராயஇசஇசி. நூறு பக்கமும் யாரோ பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி இருந்தது. சேமித்து மூடிவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன். நீங்களும் சேமித்து மூடிவிடுங்கள்.

5. அடிக்குறிப்பு எண்களைக் கையால் போடுங்கள். அதற்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் வேர்டே எண்ணிக்கொள்ளும், இடையில் ஒன்று சேர்த்தால் மற்றதையும் அதுவே நகர்த்திக்கொள்ளும் என்கிறார்கள். எண்ணிக்கை என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், வெளியாளிடம் விடக் கூடாது. மொத்தம் 143. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்று வருகிறது. எட்டை ஒன்பதாக்குங்கள், ஒன்பதைப் பத்தாக்குங்கள். 61-க்கு வரும்போது அம்மா போனில் கூப்பிடுவார்கள். பேசிவிட்டு வந்து 63-இலிருந்து தொடருங்கள். சோம்பேறிகள் '7அ' என்று போட்டுத் தப்பிப்பார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை.

6. பொருளடக்கத்தையும் நீங்களே அடியுங்கள். தலைப்பு, பிறகு வரிசையாக முற்றுப்புள்ளி, பிறகு பக்க எண். எந்த வரியின் எண்ணும் இன்னொரு வரியின் எண்ணுக்கு நேர்கீழே வராது. புள்ளிக் கோலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான குறிப்பு: இதை எல்லாவற்றுக்கும் முதலில் முடித்துவிடுங்கள், பக்கங்கள் மாறுவதற்கு முன்னால்.

7. நான்காம் இயலில் ஒரு பெரிய அட்டவணை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் படுக்கைவாக்கில் திருப்ப, முன்னும் பின்னும் பிரிவு முறிப்பு போட்டிருக்கிறீர்கள். அட்டவணைக்கு மேலே காலியாக ஒரு கோடு தெரிகிறதே, அசிங்கமாக இருக்கிறது, அழித்துவிடுங்கள். வேர்டில் ஒரு பிரிவின் பக்க அமைப்பு முழுவதும் அதன் முடிவில் இருக்கும் முறிப்புக்குள்தான் இருக்கிறது. அது போனதும் முந்தைய பகுதி, அடுத்து வரும் பிரிவின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். முதல் பக்கத்திலிருந்து அட்டவணை வரை எல்லாம் படுத்துக்கொள்ளும். அட்டவணையோடு ஒத்துப்போகிறது அல்லவா?

8. நாளைக்குக் கடைசித் தேதி. இரவு எட்டரைக்கு ஏட்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு டி.டி.பி. கடைக்குப் போங்கள். பி.டி.எஃப். ஆக்கி எடுத்துப் போகாதீர்கள்; அப்படிப் போனால் வீட்டில் பார்த்தது அப்படியே அச்சாகிவிடும், போகிற வழியில் ஒரு எதிர்பார்ப்பே இருக்காது. கடைக் கணினியில் வானவில் இருக்காது. 312 பக்கம் 347 ஆகும். தலைப்புகள் பக்கத்தின் அடியில் வந்து நிற்கும்.

கடைத் தம்பி கொஞ்ச நேரம் உருட்டிப் பார்ப்பார். பிறகு ஒன்றும் பேசாமல், மேலே பத்திக் குறி போட்ட பொத்தானை ஒரு தட்டுத் தட்டுவார். ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். என்டருக்கு ஒரு பத்திக் குறி, ஸ்பேஸுக்கு ஒரு குட்டிப் புள்ளி. உங்கள் தலைப்புக்கு முன்னால் 24 புள்ளி வரிசையாக நிற்கும். தலைப்புக்கு மேலே 17 பத்திக் குறி, ஏணிப்படி மாதிரி. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரும் எட்டிப் பார்ப்பார்.

"யார் சார் இதை டைப் பண்ணது?"

தயங்காதீர்கள். "வேற ஒரு கடைல குடுத்தேன் தம்பி" என்று சொல்லுங்கள்.